வெள்ளிக்கிழமை வரை வைத்திருந்த தப்பு

என் ஆசை அக்கா பியூலாவுக்கு, உன் பின்னாலேயே ஓடி ஓடி வளர்ந்த கிருபா எழுதுகிறேன்.

இன்றைக்கு ஆடிக் கிருத்திகை. காலேஜ் லீவு. இன்றைக்கு நம் தெருவிலிருந்து ஒரு சைக்கிளைக்கூட வெளியே எடுக்க முடியாது என்பது உனக்குத் தெரியாததா? விடிந்ததிலிருந்து பம்பைச் சத்தம், அரோகரா சத்தம், போலீஸ்காரர் மைக்கில் கத்துகிற சத்தம். புஷ்பக் காவடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மலைப் பக்கம் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் மட்டும் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

கோகிலா என்று ஒரு பெண் போன் செய்ய வேண்டும். என் வகுப்பில், அதாவது உன் வகுப்பில், பி.பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மலையடிவாரத்தில் அவள் அம்மாவுக்குப் பூக்கடை. இன்றைக்கு எத்தனை கூடைப் பூ வாங்கி வைப்பது என்று அந்தக் கடைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது நான். பூ போதாமல் போனால் வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற வியாபாரம் போச்சு. மிஞ்சினால் நாளைக்கு அத்தனையும் குப்பை. இரண்டில் எது நடந்தாலும் அந்த அம்மா முகத்தில் நான் எப்படி முழிப்பேன், சொல்லு.

சாக்பீஸும் கையுமாக காஸ்ட் அக்கவுண்டிங் நடத்திக்கொண்டு நிம்மதியாக இருந்தவள் நான். நீ போனபிறகு துறைத் தலைவர் கூப்பிட்டு அனுப்பினார். "உங்க அக்கா பேப்பர நீங்களே எடுத்துக்குங்கம்மா. பசங்களுக்கும் உங்கள தெரியும்" என்றார். "எக்ஸெல்லாவது சமாளிப்பேன் சார், புரோகிராமிங் எனக்குச் சுத்தமா வராது" என்றேன். "பிசினஸ் பசங்களுக்கு அடிப்படை மட்டும்தானம்மா. நாலு வீடியோ பாத்தா வந்துடும்" என்றார்.

நாலு வீடியோவில் வருமா அக்கா? நீ எத்தனை வருஷம் அந்த லேபிலேயே கிடந்தாய்! ஜூனிலிருந்து லேப் கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. சில நாள் இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. மவுஸைப் பிடித்தால் கை வேர்க்கிறது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரர் பாவாதான் உன் லேப்டாப்பைத் துடைத்து, உறை போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அரக்கோணத்தில் டூட்டி முடித்து நேரே வந்திருந்தார். "எல்லாம் இதுல கீதும்மா. அவ நீட்டா வெச்சிக்கினு இருந்தா" என்றார். உன் ஷீட்டுகள் எல்லாம் வாரம்வாரியாக அடுக்கி இருந்தன. அப்பாடா, இதை அப்படியே நடத்திவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

முதல் வகுப்பில் உன் சம்பளப் பட்டியல் ஷீட்டைத் திரையில் போட்டேன். முன் பெஞ்சிலிருந்து ரேவதி என்ற பெண் எழுந்தாள். "மேடம், இதுல தப்பு எங்க கீதுன்னு இந்த வாரம் நாங்க கண்டுபிடிக்கணுமா?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன தப்பு?" என்றேன். "பியூலா மேடம் ஒவ்வொரு ஷீட்லயும் வேணும்னே ஒரு தப்பு வெப்பாங்க மேடம். கண்டுபிடிச்சா கடலை மிட்டாய்."

இப்படி ஒரு விளையாட்டு வைத்திருந்தாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதுண்டா? ஒரே ஸ்டாஃப் ரூமில் ஒரே டப்பாவிலிருந்து சாப்பிட்டவர்கள் நாம். தப்பு எங்கே இருக்கிறது என்று எங்காவது எழுதி வைத்திருப்பாய் என்று லேப்டாப் முழுக்கத் துழாவினேன். ஒன்றும் இல்லை. வாரா வாரம் பசங்களோடு பசங்களாக நானும் தேட வேண்டியதாயிற்று. தேடுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியவும் கூடாது. ஒரு ஃபார்முலாவில் டாலர் குறி போடாமல் விட்டிருப்பாய், கீழே இழுக்க இழுக்கக் கணக்கு நழுவிக்கொண்டே போகும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அதைவிட, உன் சட்டம் ஒன்று இருந்ததே. கண்டுபிடித்தவர் உடனே சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் வரை வாயைத் திறக்காமல் இருந்தால்தான் மற்றவர்களும் தேடுவார்கள், அப்போதுதான் மிட்டாய். பசங்க அதை விரதம் மாதிரி காப்பாற்றினார்கள். திங்கட்கிழமையே கண்டுபிடித்தவன்கூட உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வெள்ளி வரை இருப்பான். நல்ல சட்டம்தான் என்று நானும் நினைத்தேன்.

பைத்தான் வகுப்பு இன்னும் மோசம். ஒரு புள்ளி விட்டால் திரையெல்லாம் சிவப்பு. "நாங்க மேனேஜர் ஆவப் போறோம், எங்களுக்கு எதுக்கு மேடம் கோடிங்?" என்று ஒருவன் கேட்டான். போனில் கேட்டால் அது இரண்டு நொடியில் எழுதிக் கொடுக்கிறது, எதற்கு மெனக்கெட வேண்டும் என்று இன்னொருத்தி. நியாயமான கேள்விகள்தான். பஸ் கண்டக்டர் முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு போகிறாரே, அதுதான் லூப் என்று ஒருவழியாகச் சொன்னேன். கனகம்மாசத்திரத்திலிருந்து வருகிற தினேஷ் உடனே, "அப்ப பாஸ் வெச்சிக்கினு கீறவங்கள தனியா விட்டுட்டுப் போறாரே, அதான் இஃப்-ஆ மேடம்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவன் சொன்னது சரிதானா என்று சரிபார்த்தேன். சரிதான்.

அந்தச் சிரிப்புதான் எனக்குக் கொம்பு முளைக்க வைத்தது என்று நினைக்கிறேன். உன் ஷீட்டில் இருப்பதெல்லாம் இல்லாத கடை, இல்லாத சரக்கு. நிஜக் கடை ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் என்ன என்று தோன்றியது. தப்பு ஒளித்து வைக்காத, சொந்தமாக நானே செய்த ஷீட். கேட்டதும் கோகிலாதான் கை தூக்கினாள். முதல் வருஷம் வேலூர்ப் பக்கம் படித்துவிட்டு, அம்மாவுக்கு முட்டிவலி என்று இந்த ஜூனில்தான் இங்கே மாற்றிக்கொண்டு வந்தவள். உன்னைப் பார்த்ததில்லை. உன் விளையாட்டும் அவளுக்குப் புதிது.

அவள் அம்மா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் இத்தனை கூடை வாங்கினது, இத்தனை மிஞ்சினது என்று எழுதிக் கம்பியில் குத்தி வைக்கிறவர். மூன்று வருஷத் தாள்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தாள். லேபே பூ வாசனை. தேதி, வாங்கியது, மிஞ்சியது என்று நான் போர்டில் தலைப்பு எழுதினேன். ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து டைப் அடித்தார்கள். ஒவ்வொரு தேதிக்கும் மூன்று வருஷச் சராசரி எடுக்க எக்ஸெல்லில் ஃபார்முலா. ஆடி மாசத்து நாட்களை வரிசையாக எடுத்து, இன்றைக்கு இத்தனை கூடை என்று அச்சடிக்க பைத்தானில் ஒரு லூப். சிவப்பு எழுத்தே வரவில்லை, அக்கா. வரைபடம் போட்டுப் பார்த்தால் கோடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கி அழகாக இருந்தது. ஃபார்முலாவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், போனையும் கேட்டேன். சரி என்றது. ரெக்கார்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உனக்குக் காட்ட முடியவில்லையே என்று அன்றைக்கு எவ்வளவு ஏங்கினேன் தெரியுமா?

போன வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். தினேஷ் எழுந்து நின்றான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"மேடம், தப்ப சொல்லட்டா? கிருத்திகை ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு தேதில வருது. நாம தேதிக்குத் தேதி சராசரி போட்டுக்கினு கீறோம். அதான?"

மூன்று வருஷமும் மூன்று வேறு தேதிகளில் வந்த கூட்டத்தை நான் ஆடி மாசம் முழுக்கப் பரப்பிவிட்டிருக்கிறேன். எந்த நாளைப் பார்த்தாலும் நடுத்தரமாக ஓர் எண். கிருத்திகை அன்றைக்கு வேண்டியதில் பாதிகூட இல்லை. மற்ற நாளுக்கெல்லாம் வேண்டாத பூ. அந்த அழகான கோட்டுக்கு இதுதான் அர்த்தம்.

கிருத்திகை நட்சத்திரத்துக்கு வருவது என்று எனக்குத் தெரியாதா? சபைக் குடும்பமாக இருந்தாலும் பிறந்ததிலிருந்து இந்த ஊர்க்காரி. நமக்கு கிறிஸ்துமஸ் தேதி நகராதே தவிர ஈஸ்டர் நகருமே, அதுகூட ஞாபகம் வரவில்லை. கம்ப்யூட்டர் தேதி கேட்டது, நான் தேதி கொடுத்தேன். காலண்டர் தாளின் முன்பக்கத்தில் நட்சத்திரம் கொட்டை எழுத்தில் இருந்தது. நாங்கள் எல்லோரும் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்றேன். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. "செவ்வாக்கெழமையே தெரியும் மேடம்" என்றாள் ரேவதி. தினேஷ் மிட்டாய்க்குக் கையை நீட்டினான். "செம்மையா வெச்சீங்க மேடம். பியூலா மேடமே இவ்ளோ நைசா வெச்சதில்ல."

அப்போதுதான் கோகிலா எழுந்தாள். "மேடம், நேத்தே ஆர்டர் சொல்லிட்டோமே."

"அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க மேடம். இவ்ளோ பூ பத்துமாடின்னு கேட்டாங்க. கம்ப்யூட்டர்ல போட்டது, மேடமே பாத்து கையெழுத்துப் போட்டாங்கன்னு சொன்னேன். அப்புறம் ஒண்ணும் சொல்லல."

அந்த அம்மா என் கையெழுத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

"இது நான் வெச்ச தப்பு இல்லப்பா. நெஜமாவே தெரியாம செஞ்சது" என்றேன். தினேஷ் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டான். "அன்னிக்கே சொல்லியிருப்பேன் மேடம். வெள்ளிக்கெழம வரிக்கும் சொல்லக் கூடாதேன்னுதான்..." என்றான். பாவம், அவன் கண்ணும் கலங்கிவிட்டது. அவன்மேல் என்ன குற்றம்?

பயத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. கிருத்திகை எந்தத் தேதியில் வந்தாலும் அதைப் பூஜ்யம் என்று வையுங்கள், பரணி மைனஸ் ஒன்று, மறுநாள் பிளஸ் ஒன்று, தேதியை அழித்துவிட்டு அதை வைத்துச் சராசரி எடுங்கள் என்றேன். காலண்டர் தாள்களைத் திருப்பிப்போட்டு ஒருத்தி நட்சத்திரம் படிக்க, இன்னொருத்தன் அடித்தான். லூப்பில் ஒரே ஒரு வரி மாறியது. கோடு நெட்டுக்குத்தாக ஏறி நெட்டுக்குத்தாக இறங்கியது. இன்றைய நாளுக்கு முதலில் போட்டதைப்போல இரண்டு பங்குக்கும் மேல்.

கோகிலா தன் மாமாவுக்குப் போன் போட்டாள். "மண்டியில இனிமே கெடையாதாம் மேடம். எல்லாம் பேசி முடிச்சிட்டாங்களாம்" என்றாள். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று ஆளாளுக்குப் போன் போட்டார்கள். திருவாலங்காட்டுப் பெண் ஒருத்தி, "எங்க நைனா கரும்புதான் மேடம் போட்டுக்கினு கீறாரு, பூவே இல்ல" என்று அழாத குறையாகச் சொன்னாள். தினேஷின் பெரியப்பா ஊரில் நாலைந்து பேர் சாமந்தி போட்டிருக்கிறார்களாம். பேசிப்பார்க்கிறேன் என்றார் பெரியப்பா. கொண்டுவருகிறோம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. லேபைப் பூட்டும்போது வராண்டாவே காலி.

ரேவதி மட்டும் என் பக்கத்தில் நின்றிருந்தாள். எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருக்கிறாள். "மேடம், ஃபீல் பண்ணாதீங்க. பியூலா மேடம் ஷீட்லயும் சில வாட்டி ரெண்டு தப்பு கெடைக்கும். ரெண்டு மிட்டாய் குடுத்துட்டு சிரிச்சிக்கினே போய்டுவாங்க" என்றாள். நான் அப்போது அதைக் காதிலேயே வாங்கவில்லை.

அந்த வெள்ளியிலிருந்து இந்த நிமிஷம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. புதுக் கணக்காவது சரியா? பூ வந்து சேர்ந்ததா? காலையில் ஒரு தூறல் வேறு போட்டது, வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிக்கிறது. உன்மேல்தான் கோபம் கோபமாக வந்தது. ஏன் அப்படி ஒரு சட்டம் போட்டாய்? தெரிந்ததைத் தெரிந்த அன்றைக்கே சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நீயும் அப்படித்தானே இருந்தாய். மார்பில் கட்டி இருப்பது உனக்கு ஆகஸ்டிலேயே தெரியும். எங்களுக்குச் சொன்னது நவம்பரில். ஏன்க்கா சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "செமஸ்டர் முடியட்டும்னு இருந்தேன்டி. பசங்களுக்கு பிராக்டிகல் கீது" என்றாய். பாவா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வந்த அன்றுகூட நான் இவ்வளவு கோபப்படவில்லை. இப்போது அந்தக் கோபம் வந்தால் அடங்க மாட்டேன் என்கிறது.

இரு. போன் அடிக்கிறது.

கோகிலாதான். பின்னால் ஒரே சத்தம், பாதி காதில் விழவில்லை. "மேடம், பூ தீந்துபோச்சு" என்றாள். "பத்தலயா?" என்றேன். "கடேசில கொஞ்சம் பத்தல மேடம். ஆனா தினேஷ் பெரியப்பா ஊர்ல இருந்து விடியக்காலையிலயே வண்டி வந்துடுச்சி. மொதல்ல போட்ட கணக்குன்னா பத்து மணிக்கே கடைய மூடியிருப்போம். அம்மா உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க, அடுத்த வருசம் மேடம இன்னும் ரெண்டு கூடை சேத்துப் போடச் சொல்லுன்னு." அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன், அக்கா. அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

உடனே தினேஷ் போனைப் பிடுங்கினான். கடையில் மாலை கட்டிக் கொடுக்க நாலைந்து பேர் போயிருக்கிறார்கள். "மேடம், புது ஷீட்லயும் ஒண்ணு கீது. இப்பவே சொல்லட்டா, வெள்ளிக்கெழம வரிக்கும் வெக்கட்டா?"

"இப்பவே சொல்லு" என்றேன். கொஞ்சம் கத்தித்தான் சொன்னேன்.

"பூ சீக்கிரம் தீந்துபோன வருசம், அதுக்கப்புறம் எத்தினி பேர் வந்து கேட்டுட்டுத் திரும்பிப் போனாங்கன்னு தாள்ல எழுதல மேடம். வாங்குன கூடைய மட்டும்தான் நாம எண்ணிக்கினு கீறோம். அதான் இன்னிக்கும் பத்தல." எவ்வளவு சரியாகச் சொல்கிறான், பார்த்தாயா? மிஞ்சியது பூஜ்யம் என்று இருந்தால் நான் கணக்கு நேராக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். இனிமேல் கேட்டுத் திரும்பிப் போகிறவர்களையும் எழுதி வைக்கச் சொல்லி கோகிலாவின் அம்மாவிடம் பேசிவிட்டானாம்.

போனை வைத்தபிறகுதான் ரேவதி சொன்னது காதில் விழுந்தது. ஒரு ஷீட்டுக்கு ஒரு தப்புதான் வைப்பாய். சில வாரம் இரண்டு கிடைக்கும், இரண்டு மிட்டாய் கொடுப்பாய். அந்த இரண்டாவது தப்பு யாருடையது, அக்கா? உனக்கும் லேப் கதவைத் திறக்கும்போது கை வேர்த்ததா? தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒரு தப்பை நீயே முதலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாயா? இதை நீ இருக்கும்போது என்னிடம் சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமே.

உன் மிட்டாய் டப்பாவைக் காலி ஆகாமல் பார்த்துக்கொள்கிறேன். உன் ஷீட்டுகளைப் பசங்களோடு சேர்ந்து வெளிப்படையாகவே தேடுகிறேன், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிறேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைச் சட்டத்தை நாளைக்கே எடுத்துவிடப் போகிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. கண்டுபிடித்தவர் கண்டுபிடித்த நிமிஷமே எழுந்து சொல்ல வேண்டும், பாதி வகுப்பில் என்றாலும், என் பேச்சை வெட்டியாவது.

கூட்டம் கலைந்ததும் சாயங்காலம் பாவா வருகிறார். நெஞ்சு படபடப்பையும், விரல் மரத்துப்போவதையும் அவரிடம் இன்றைக்கே சொல்லிவிடுவேன். அவர் பயப்படுவார், பயப்படட்டும். நாளைக்குக் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் போகிறேன். இன்றைக்குப் புதன்கிழமைதான், அக்கா. வெள்ளி வரை வைத்திருக்க மாட்டேன்.

உன்மேல் கோபமாகவே இருக்கிற, நீ இல்லாமல் இன்னும் பழகாத,
உன் தங்கச்சி,
கிருபா